37 வயதில் ராணுவ அதிகாரி ஆகலாமா? முதலில், ராஜினாமா கடிதத்தை எடுத்து உள்ளே வையுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 37. கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் உற்பத்திப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 4. வீட்டுக் கடன் இன்னும் 11 வருடம் இருக்கிறது. 22 வயதில் ராணுவ அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறி, பெங்களூருவில் எஸ்.எஸ்.பி. எனப்படும் நேர்முகத் தேர்வு வரை போய், தேர்வாகாமல் திரும்பினேன். அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனதால் அடுத்த முறை முயற்சி செய்யவில்லை. அந்த ஏக்கம் இன்னும் போகவில்லை. ராணுவத்தின் ஒரு பிரிவான டெரிட்டோரியல் ஆர்மியில் 42 வயது வரை அதிகாரியாகச் சேரலாம் என்று தெரிந்துகொண்டேன். வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுமூச்சாகத் தயாராகலாமா? கோவையிலேயே அவர்களுடைய பட்டாலியன் இருப்பதால் குடும்பத்தைப் பிரிய வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன், சரிதானா? மனைவியிடம் கேட்டால், "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க" என்கிறார். அலுவலகத்தில் எம்.டி.யிடம் இதைப் பற்றி இப்போதே பேசலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை)

பதில்: அன்புள்ள தம்பி, உங்கள் கடிதத்தில் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான். வேலையை விடாதீர்கள். இது குடும்பஸ்தருக்குச் சொல்லும் வழக்கமான எச்சரிக்கை இல்லை. வேலையை விட்டால் நீங்கள் விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம். டெரிட்டோரியல் ஆர்மியின் அதிகாரித் தேர்வுக்கு வயது, பட்டம், உடல்தகுதி ஆகியவற்றோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. விண்ணப்பதாரர் சம்பாத்தியம் உள்ளவராக இருக்க வேண்டும். அரசு வேலை, தனியார் வேலை, சொந்தத் தொழில் எதுவானாலும் சரி, ஆனால் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். அதற்கான வருமானச் சான்றையும் கேட்பார்கள். நீங்கள் விடத் துடிக்கிற அந்த மேலாளர் வேலைதான் உங்களுடைய தகுதிச் சான்று.

ஏன் இப்படி ஒரு நிபந்தனை என்று புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். 1948-இல் சட்டம் இயற்றி, 1949 அக்டோபர் 9-ஆம் தேதி அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கி வைத்த படை இது. பிராந்திய ராணுவம் என்று நம் பத்திரிகைகளில் எழுதுவார்கள். வக்கீலும் வங்கி ஊழியரும் விவசாயியும் தத்தம் தொழிலில் இருந்துகொண்டே ஆண்டுதோறும் பயிற்சி எடுக்க வேண்டும், நாடு கூப்பிடும்போது சீருடை அணிந்து வர வேண்டும், தேவை முடிந்ததும் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. வாழ்நாள் முழுக்கச் சோறு போடுகிற வேலையாக அதை அமைக்கவில்லை. அதனால்தான் நிரந்தர வேலையும் இல்லை, தானாக வரும் ஓய்வூதியமும் இல்லை. படைப்பணியில் உண்மையாகவே இருந்த காலத்தை மட்டும் கூட்டி 20 வருடம் வந்தால்தான் அதிகாரிக்கு ஓய்வூதியம். 38 வயதில் சேருகிற ஒருவர் அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடக் கூடாது.

மற்ற வழிகள் ஏதாவது திறந்திருக்கின்றனவா என்று நீங்கள் தேடியிருப்பீர்கள். சி.டி.எஸ். வழியாகச் சென்னை பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ. என்ற அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போகும் வயது 25-க்குள் முடிந்துவிடுகிறது. பொறியாளர்களுக்கான டெக்னிக்கல் என்ட்ரி, சட்டம் படித்தவர்களுக்கான ஜாக் எனப்படும் ராணுவச் சட்டப் பிரிவு இரண்டும் 27 வரை. டாக்டர்களுக்கு மட்டும் 30-ஐத் தாண்டியும் கொஞ்சம் இடம் உண்டு. 37 வயதுப் பொறியாளருக்கு மிச்சமிருக்கும் கதவு டெரிட்டோரியல் ஆர்மி ஒன்றுதான். அதுவும் இன்னும் ஐந்து வருடம் திறந்திருக்கும் கதவு. ஆகவே பதற்றம் வேண்டாம்.

இப்போது நீங்கள் கொஞ்சம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிற இடத்துக்கு வருகிறேன். கோவையில் 110-ஆவது காலாட்படை பட்டாலியன் இருக்கிறது, திருச்சியில் 117-ஆவது இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பட்டாலியனின் தலைமையகம் இருக்கும் ஊர். பட்டாலியனின் உட்பிரிவுகளான கம்பெனிகள் ஜம்மு காஷ்மீரிலோ வடகிழக்கிலோ காவல் பணியில் இருக்கலாம். உங்களை எந்த பட்டாலியனுக்கு ஒதுக்குவது என்பதும் ராணுவத்தின் முடிவு. இன்னொன்று: கோவையில் அவ்வப்போது மைதானத்தில் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் திரளும் ஆள்சேர்ப்பு முகாம் ஜவான்களுக்கானது. அதிகாரித் தேர்வு முற்றிலும் தனிப் பாதை. அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு விசாரிக்கப் போய்க் குழம்பித் திரும்பியவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

எவ்வளவு நாள் வீட்டை விட்டு இருக்க வேண்டும்? காகிதத்தில் உள்ளபடி சொல்கிறேன். சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி. அந்த வருடம் உட்பட ஒவ்வொரு வருடமும் இரண்டு மாத முகாம். முதல் இரண்டு வருடங்களுக்குள் மூன்று மாத அதிகாரிப் பயிற்சி. அதாவது, யாரும் உங்களைத் தனியாக அழைக்காமலேயே முதல் இரண்டு வருடத்தில் எட்டு மாதம் நீங்கள் தொழிற்சாலையில் இருக்க மாட்டீர்கள்.

அழைத்தால்? அதைத்தான் ராணுவத்தில் எம்பாடிமென்ட் என்பார்கள். பட்டாலியனையோ உங்களையோ முழுநேரப் படைப்பணிக்குள் கொண்டுவரும் உத்தரவு. அது வந்துவிட்டால் மாதக் கணக்கு கிடையாது, வருடக் கணக்குதான். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் மத்திய அரசு வெளியிட்ட உத்தரவை நினைத்துப் பாருங்கள். டெரிட்டோரியல் ஆர்மியின் ஒவ்வொரு அதிகாரியையும் வீரரையும் தேவைப்பட்டால் பணிக்கு அழைக்கும் அதிகாரம் ராணுவத் தளபதிக்குத் தரப்பட்டது. இருக்கிற 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ ராணுவத்தின் பல கமாண்டுகளில் (பிராந்தியத் தலைமைகளில்) நிறுத்தலாம் என்று அதில் இருந்தது. அந்த உத்தரவு 2028 பிப்ரவரி வரை செல்லும். காலாட்படை பட்டாலியன்கள் ஒரே மூச்சில் இரண்டு மூன்று வருடம் பணியில் இருப்பது புதிதும் இல்லை. 1962, 1965, 1971 போர்களிலும், இலங்கைக்கு அமைதிப்படை போனபோதும் டெரிட்டோரியல் ஆர்மிக்காரர்கள் போயிருக்கிறார்கள். வயநாட்டில் 2024-இல் மண் சரிந்தபோது மீட்புப் பணியில் இறங்கிய படைகளில் 122-ஆவது டெரிட்டோரியல் பட்டாலியனும் இருந்தது. அதில் கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருக்கும் நடிகர் மோகன்லால் சீருடையோடு அங்கே போன படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. தோனி, கபில்தேவ், மோகன்லால் பெற்றவை கௌரவப் பதவிகள். நீங்கள் போகப் போவது தேர்வெழுதிப் போகும் பாதை, அதில் உத்தரவு வந்தால் மறுக்க இடமில்லை.

ஆகவே உங்கள் மனைவி சொன்ன பதிலுக்கு வருவோம். "உங்களுக்கு எது சரின்னு படுதோ" என்பது சம்மதம் இல்லை தம்பி. அவரிடம் நீங்கள் கேட்ட கேள்வி முழுமையானதாக இருந்திருக்காது. "வருஷத்துக்கு ரெண்டு மாசம் கேம்ப்" என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள். திரும்ப உட்கார்ந்து பேசுங்கள். சின்னவன் ஒன்றாம் வகுப்பு போகும் வருடத்தில் நீங்கள் காஷ்மீரின் குப்வாராவிலோ மணிப்பூரிலோ இருக்கலாம் என்று சொல்லுங்கள். இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் கூட இருப்பார், கடனுக்கான தவணை எந்தக் கணக்கிலிருந்து போகும், உங்கள் பெற்றோரை யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள் என்று ஒவ்வொன்றாகப் பேசுங்கள். உயிருக்கு ஆபத்து உள்ள பணி என்பதையும் மறைக்காதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகும் அவர் சரி என்றால், அது நீங்கள் நம்பி இறங்கக்கூடிய சரி. ஒரு படைவீரனின் குடும்பம் என்றால் என்னவென்று தெரிந்து வாழ்க்கைப்பட்டவர் அல்ல அவர். ஒரு பொறியாளரை மணந்தவர். இந்த வாழ்க்கையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கும் அவகாசம் வேண்டும்.

அடுத்து உங்கள் முதலாளி. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் எழுத்துத் தேர்வைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றி. டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. படைப்பணிக்குப் போய்த் திரும்பும் ஊழியரை, முன்பிருந்த நிலைக்குக் குறையாத நிபந்தனைகளோடு மீண்டும் வேலையில் அமர்த்துவது முதலாளியின் கடமை என்கிறது அது. வருங்கால வைப்பு நிதி போன்ற உரிமைகள் தொடர்வதற்கு 7பி இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் முதலாளி மறுத்தால் என்ன ஆகும்? அதற்கென உள்ள அதிகாரியிடம் பிரச்சினை போகும். அவர் மீண்டும் வேலை கொடுக்கச் சொல்லலாம், இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம், காரணம் நியாயமானது என்று பட்டால் முதலாளிக்கு விலக்கும் அளிக்கலாம். இழப்பீட்டின் உச்சவரம்பு ஆறு மாதச் சம்பளம்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடம் உற்பத்திப் பிரிவு மேலாளர் நாற்காலியைக் காலியாக வைத்திருக்க எந்த நடுத்தர நிறுவனத்தாலும் முடியாது. வேறொருவரைப் போடுவார்கள். நீங்கள் திரும்பி வரும்போது வேலை இருக்கலாம், அதே பொறுப்பு இருக்குமா என்பது எம்.டி.யின் மனசைப் பொறுத்தது. அரசு ஊழியருக்கு விடுப்பு விதிகள் இருக்கின்றன, தடையில்லாச் சான்று வாங்கிவிட்டால் பெரும்பாலும் பாதுகாப்புதான். சொந்தத் தொழில் செய்பவருக்குத் தம்பியோ பங்காளியோ கடையைப் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது உங்களைப் போன்ற தனியார் துறை மேலாளர்கள்தான். இந்த நாட்டில் முதலாளிகள் டெரிட்டோரியல் அதிகாரியைத் தங்கள் நிறுவனத்துக்குப் பெருமையாக நினைக்கும் பழக்கம் இன்னும் வளரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். தேர்ச்சி பெற்ற நல்ல ஆட்கள் முகாமுக்கு விடுப்பு கிடைக்காமல் தவிப்பதைப் பார்க்கிறேன்.

பணக் கணக்கு கொஞ்சம் எளிது. பயிற்சியிலோ படைப்பணியிலோ இருக்கும் நாட்களுக்கு உங்களுக்கு நிரந்தர ராணுவ அதிகாரிக்கு உரிய அதே சம்பளமும் படிகளும் உண்டு. லெப்டினன்டுக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, அதன்மேல் ராணுவச் சேவைச் சம்பளம் 15,500, அகவிலைப்படி தனி. படைப்பணியில் இல்லாத மாதங்களில் ராணுவத்திலிருந்து எதுவும் வராது, அப்போது உங்கள் கம்பெனிச் சம்பளம்தான். இப்போது நீங்கள் வாங்குவது இதைவிட அதிகம் என்றால், இடைவெளியைக் கணக்குப் போட்டு ஆறு மாதத் தவணைப் பணத்தைத் தனியாகச் சேர்த்து வைத்துவிட்டு இறங்குங்கள்.

சரி, தேர்வு. 2025 அறிவிப்பில் இருந்த இடங்கள் 19. ஆண்களுக்கு 18, பெண்ணுக்கு 1. நாடு முழுவதற்கும் அவ்வளவுதான். (பெண்களுக்கு வழி பிறந்ததே 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு. உங்கள் பெரியவளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.) இவ்வளவு குறைவான இடத்துக்காக யாராவது ஒரு வருடம் வேலையை விட்டு உட்காரலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எழுத்துத் தேர்வு உங்களுக்குப் பெரிய சுவர் இல்லை. பகுத்தறிதல், அடிப்படைக் கணிதம், பொது அறிவு, ஆங்கிலம் என நான்கு பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதமாவது எடுக்க வேண்டும், மொத்தத்தில் 50. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். கணக்கில் பொறியாளர்கள் தப்பித்துவிடுவார்கள், பொது அறிவில்தான் கவிழ்கிறார்கள். காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதம் போதும். அதற்கப்புறம் டெரிட்டோரியல் ஆர்மியின் சொந்தப் பூர்வாங்க நேர்காணல் குழு, அதைத் தாண்டினால் எஸ்.எஸ்.பி., பிறகு மருத்துவக் குழு.

எஸ்.எஸ்.பி. உங்களுக்குப் பழக்கப்பட்டதுதான். ஐந்து நாள், படம் பார்த்துக் கதை எழுதுவது, 15 வினாடிக்கு ஒரு சொல், பலகையும் கயிறும் டிரம்மும் வைத்துக் குழுவாகத் தடை தாண்டுவது, எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. 22 வயதில் திரும்பி வந்தது உங்களுக்கு எதிரான குறிப்பு ஆகாது, அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். மாறியிருப்பது நீங்கள்தான். அன்று உங்களோடு குழுவில் இருந்தவர்கள் கல்லூரி முடித்த பையன்கள். இந்த முறை இருக்கப் போகிறவர்கள் வங்கி மேலாளர், தாசில்தார், கம்பெனி நடத்துபவர், வக்கீல். எல்லோருக்கும் ஆளை ஏவிப் பழக்கம். தரையில் பலகையை வைத்ததும் நாலு பேர் ஒரே நேரத்தில் உத்தரவு போடுவார்கள், பலகையைத் தூக்க ஆள் இருக்காது. மதிப்பிடும் அதிகாரி அங்கேதான் பார்த்துக்கொண்டிருப்பார், யார் அடுத்தவன் யோசனையைக் காதில் வாங்கிக்கொண்டு முதலில் கை வைக்கிறான் என்று. இதைக் கோச்சிங்கில் கற்க முடியாது. உங்கள் ஷாப் ஃப்ளோரில் கற்கலாம். இயந்திரம் நின்றுபோனால் அறையிலிருந்து போன் போடுகிறீர்களா, ஆபரேட்டர் பக்கத்தில் போய் நிற்கிறீர்களா என்று அடுத்த ஆறு மாதம் உங்களையே கவனியுங்கள். "எஸ்.எஸ்.பி. ரகசிய விடைகள்" என்று விற்பவர்களிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்த கதைகளை உளவியலாளர் உடனே கண்டுகொள்வார்.

மருத்துவம்தான் இந்த வயதில் நிறையப் பேரைத் திருப்பி அனுப்புகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, மூட்டு, பார்வை, செவித்திறன். தொழிற்சாலை இரைச்சலில் பல வருடம் இருந்தவர் நீங்கள், காதைக் கட்டாயம் பரிசோதியுங்கள். புத்தகம் வாங்குவதற்கு முன்னால், இந்த மாதமே முழு உடல் பரிசோதனை செய்துவிடுங்கள். சரிசெய்யக் கூடியதாக இருந்தால் அவகாசம் கிடைக்கும், முடியாதது என்றால் ஒரு வருட உழைப்பும் ஏக்கமும் மிச்சம். ஓட்டத்தை மெதுவாகத் தொடங்குங்கள். முப்பத்தேழு வயது முழங்காலை மூன்றே மாதத்தில் பழக்க முயன்றால் காயம்தான் மிஞ்சும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேர்வாகிவிட்டால் 38, 39 வயதில் தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு லெப்டினன்டாக நிற்பீர்கள். உங்கள் கம்பெனி கமாண்டராக இருக்கும் மேஜருக்கு 30 வயதுதான் இருக்கலாம். அவரை "சார்" என்பீர்கள். உங்களுக்குக் கீழே இருக்கும் சுபேதார் சாகிபுக்கு (ஜவானாகச் சேர்ந்து உயர்ந்த இளநிலை அதிகாரி) இருபத்தைந்து வருட அனுபவம் இருக்கும். அவர் உங்களுக்கு சல்யூட் அடிப்பார், ஆனால் இரவுக் காவலை எங்கே போடுவது, எந்த ஜவான் வீட்டில் என்ன பிரச்சினை, எவனுக்கு இன்றைக்குத் துப்பாக்கி கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிற லெப்டினன்ட் தேறுவார். கவாத்துக் கட்டளைகள் இந்தியில்தான், ஜவான்களோடு பேசவும் இந்தி வேண்டும், இப்போதே தொடங்கிவிடுங்கள். இருபது பேர் கொண்ட பிரிவை நடத்தும் மேலாளர் என்ற எண்ணம் முதல் முகாமிலேயே கொஞ்சம் அடிபடும். அதைத் தாங்கிக்கொண்டவர்கள், பிறகு அந்த ஜவான்களால் மிகவும் நேசிக்கப்படும் அதிகாரிகளாக ஆவதையும் பார்த்திருக்கிறேன். வெளி உலகத்தில் சம்பாதித்து, குடும்பம் நடத்தி, கடன் கட்டித் தெரிந்தவர் என்பதால் ஜவானின் கவலை அவர்களுக்குச் சீக்கிரம் புரிகிறது. உங்கள் வயது உங்களுக்குக் கொடுக்கும் பெரிய பலம் அதுதான், நேர்காணலிலும் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கிறேன். 22 வயதில் கிடைக்காமல் போன சீருடையைத் திரும்பப் பெறுவதுதான் நோக்கம் என்றால், இந்தப் பாதை உங்களை ஏமாற்றக்கூடும். பரங்கிமலையின் அணிவகுப்பு மைதானமும் இருபது வருட முழுநேர வாழ்க்கையும் இதில் இல்லை. நாற்பது வயதில், பழைய வேலைக்கும் பாசறைக்கும் இடையே போய் வந்துகொண்டு, இரண்டு இடத்திலும் பாதி ஆளாகப் பார்க்கப்படும் வருடங்கள் இருக்கும். அதையும் சேர்த்து வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக இறங்குங்கள். எனக்கென்னவோ உங்கள் கடிதத்தில் அந்த உறுதி இருப்பதாகத்தான் படுகிறது.

எம்.டி.யிடம் இப்போது பேச வேண்டாம். தேர்வு கூட எழுதாத நிலையில் "இவர் போய்விடுவார்" என்ற எண்ணம் மட்டும் அவர் மனதில் தங்கும், அடுத்த பதவி உயர்வில் அது வேலை செய்யும். எழுத்துத் தேர்வில் தேறி, பூர்வாங்க நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் பேசுங்கள். வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல், வருடாந்தர முகாமுக்கு விடுப்பு எப்படி, நீண்ட பணிக்கு அழைத்தால் பதவி எப்படி என்பதை மனிதவளப் பிரிவிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். 7ஏ பிரிவின் நகலையும் எடுத்துப் போங்கள், ஆனால் மேசைமேல் வைக்கும் முதல் காகிதமாக அது இருக்க வேண்டாம். நீங்கள் இல்லாத எட்டு மாதத்தில் உங்கள் பிரிவை யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு பெயரோடும் திட்டத்தோடும் போங்கள். அந்த ஆளை இன்றைக்கே பழக்கத் தொடங்கலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.